சீன மருந்துக் கடையில் முதல் ஆறு பொட்டலங்கள்: உலர் கனிகளும் மூலிகைகளும் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு

குவாங்சோ நகரத்தில், ஷாமியன் தீவுக்கு எதிரே சிங்பிங் மருந்துச் சந்தை இருக்கிறது. வேலைக்காக அந்த நகரத்தில் குடியேறிய முதல் மாதத்திலேயே அங்கே போனேன். சாக்கு சாக்காகச் சிவந்த கனிகள், கட்டுக்கட்டாக வேர்கள், காய்ந்த கடற்குதிரைகள், சீவிய மான்கொம்பு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையின் மணம் ஒரு தெரு முழுக்க அடித்தது. மணம் பழகியதாக இருந்தாலும், கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

அன்று இருந்ததிலேயே பளிச்சென்று சிவந்திருந்த கோஜிக் கனியில் அரைக் கிலோ வாங்கிவந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் தீக்குச்சி கொளுத்திய நெடி அடித்தது. மாடி வீட்டுப் பாட்டி ஒரு கனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கந்தகப் புகை போட்ட சரக்கு. நல்ல கனி இவ்வளவு அழகாக இருக்காது," என்றார். அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர் அடுப்பங்கரையில்தான் இந்தப் பாடத்தைக் கற்றேன். அதில் புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தேவையானதை இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. ஒரு நோயைக் குணமாக்கும் வழி இந்தக் கட்டுரையில் இல்லை. உடம்புக்கு இதமான, உணவோடு சேர்ந்த சில பொருள்களைச் சரியாக அடையாளம் கண்டு, சரியாக வாங்கி, சரியாகக் காய்ச்சுவது எப்படி என்பதுதான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

"யாவ் ஷி தோங் யுவான்" என்று சீனர்கள் சொல்வார்கள். மருந்துக்கும் உணவுக்கும் ஊற்று ஒன்றே என்று பொருள். நம்மிடம் "உணவே மருந்து" என்ற பேச்சு இருப்பதுபோலத்தான். ஆனால் சீன அரசு இதைப் பேச்சோடு விடவில்லை. 2002-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம், உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் எண்பதுக்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. கோஜி, சீன இலந்தை, ஷான்ஜா, லோங்கன், சாமந்தி, அதிமதுரம் ஆகிய ஆறும் அதில் இருக்கின்றன. முதல் ஓராண்டு இந்த ஆறைத் தாண்ட வேண்டாம் என்பதே என் உறுதியான யோசனை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உடல் இளைப்பதற்கான மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அதில் சேரவேண்டிய மூலிகையின் பெயர் "ஃபாங்ஜி" என்று முடியும். அதே ஒலியில் முடியும் பெயருள்ள இன்னொரு செடியின் வேர் தவறுதலாக அதனிடத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சு இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பலருக்கு டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன; பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளை அந்தச் செடியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். பெயரை நம்பி வாங்கியதால் வந்த கேடு இது. வேராகவும் பட்டையாகவும் சீவிக் கிடப்பதைப் பார்த்துச் செடியைச் சொல்வது, அனுபவமுள்ள கடைக்காரருக்கே கடினம். ஒரு கனியை முழுதாகப் பார்த்தால் நமக்கே தெரியும். தொடங்குபவர்களைக் கனியிலிருந்தும் பூவிலிருந்தும் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

"ஃபூஸி" என்ற பெயரில் விற்கும் நாவி வேரையும், "மாஹுவாங்" என்ற எபிட்ராவையும் சொந்தமாக வாங்கவே வாங்காதீர்கள். முதலாவது, முறைப்படி நெடுநேரம் காய்ச்சாவிட்டால் உயிரைக் குடிக்கும். இரண்டாவது, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

சூடு, குளிர்ச்சி, சுவை

தமிழர்களுக்கு இந்தப் பகுதி எளிது. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சீன மருத்துவமும் ஒவ்வொரு பொருளையும் வெப்பம், இளஞ்சூடு, குளுமை, கடுங்குளிர் என்று நான்கு தன்மைகளில் வைக்கிறது. இரண்டு பக்கமும் சாயாததைச் சமம் என்கிறார்கள். சுவையை அவர்கள் ஐந்தாக எண்ணுகிறார்கள். நம் அறுசுவையில் தனியாக நிற்கும் துவர்ப்பைப் புளிப்போடு சேர்த்துவிடுவார்கள்.

நம் ஆறு பொருள்களில் கோஜியும் அதிமதுரமும் சமம். இலந்தையும் லோங்கனும் சூடு. ஷான்ஜா மெல்லிய சூடு. சாமந்தி மட்டும் குளிர்ச்சி. ஆகவே, உள்ளங்கை வேர்த்து வாய் காய்ந்து கிடக்கும் சித்திரை வெயிலில் லோங்கன் கஷாயம் குடிப்பதை எந்தச் சீனப் பாட்டியும் ஒப்பமாட்டார். சளி பிடித்துக் குளிரில் நடுங்குபவருக்குச் சாமந்தித் தேநீரை நீட்டமாட்டார். நவீன ஆய்வுக்கூடத்தில் இந்தச் சூடு குளிர்ச்சியை அளக்கும் கருவி கிடையாது. ஆனாலும் எதை எதோடு சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற சமையல் ஒழுங்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்மானங்கள் புரியாது.

ஆறு சரக்குகள்

கோஜி. கடையில் "கௌச்சி" என்று கேளுங்கள். கத்திரி, தக்காளிக் குடும்பத்துச் செடி. அந்த வகையில் நம் மணத்தக்காளி வற்றலுக்கு உறவு. பேர்பெற்ற ஊர், மஞ்சளாறு பாயும் நிங்ஷியா பகுதியின் சோங்னிங் மாவட்டம். சிங்ஹாய் மாநிலத்துக் கனி இன்னும் பெரிதாக, கூடுதல் இனிப்பாக இருக்கும். சீன அரசின் மருந்தியல் நூல் சொல்லும் நாள் அளவு 6 முதல் 12 கிராம், ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. நல்ல கோஜி மங்கிய செம்மை நிறத்தில், ஒன்றுபோல் இல்லாமல், காம்பு இருந்த முனையில் சிறு வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரித்தால் உதிர வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் ஏறிய சரக்கு. வெதுவெதுப்பான நீரில் போட்டால் நீர் மெதுவாக வெளிர்மஞ்சள் ஆகும். போட்டவுடன் சிவந்தால் சாயம்.

சீனாவில் கோஜி கண்ணுக்கு நல்லது என்பார்கள். அந்தக் கனியில் சியாசாந்தின் என்ற நிறமி நிறைய இருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதியிலும் அதே நிறமி இருக்கிறது. அதுவரை உண்மை. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நிறமி கொழுப்பில்தான் கரையும். எனவே நீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டுக் கனியைக் கொட்டுவது வீண். கனியையும் மென்று தின்னுங்கள். முட்டையோடோ பாலோடோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

சீன இலந்தை. "ஹோங்சாவ்" என்பார்கள், சிவப்பு இலந்தை என்று பொருள். நம் காட்டு இலந்தையும் இதுவும் ஒரே பேரினம். ஆனால் இது பேரீச்சை அளவுக்குப் பெரிது, சதைப்பற்று அதிகம், புளிப்பே இல்லை. காம்புக் குழியைப் பாருங்கள். அங்கே தூள் கொட்டினால் புழு இருக்கிறது. நாளுக்கு 6 முதல் 15 கிராம், நடுத்தரக் கனி என்றால் மூன்று முதல் ஐந்து. இலந்தையை முழுதாகக் கொதிக்கப் போடுவதுதான் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. தடித்த தோல் எதையும் வெளியே விடாது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் எழுதிய கஷாயக் குறிப்பிலேயே "இலந்தை பன்னிரண்டு, பிளந்தது" என்றுதான் இருக்கிறது. இலவங்கப்பட்டை மரத்தின் இளங்கொம்பு, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், இலந்தை ஆகிய ஐந்தும் சேர்ந்த கஷாயம் அது. குடித்த பிறகு சூடான நீர்க்கஞ்சி குடித்துப் போர்த்திக்கொண்டு வேர்க்கவிடச் சொல்கிறார். இதைப் படித்தபோது காய்ச்சல் நாளில் என் அம்மா செய்ததுதான் நினைவுக்கு வந்தது. கொட்டை உடம்புக்குச் சூடு என்பதால் அதை எடுத்துவிடுவதும் அங்கே வழக்கம்.

ஷான்ஜா. வட்ட வட்டமாகச் சீவிக் காயவைத்த புளிப்புக் கனி. ஓரம் சிவப்பு, நடு வெளுப்பு, விதை அப்படியே இருக்கும். பெய்ஜிங் குளிர்காலத்தில் குச்சியில் கோத்து, சர்க்கரைப் பாகு பூசி விற்கும் கனி இதுதான். கொழுத்த இறைச்சி தின்ற வயிறு மந்தமாக இருந்தால் சீன வீடுகளில் முதலில் கை போகும் இடம் இந்த டப்பாதான். முற்றிய ஆட்டிறைச்சி வேகும்போது நான்கு வில்லை போட்டால் இறைச்சி மிருதுவாகும். இதை நானே பல முறை செய்திருக்கிறேன். அளவு 9 முதல் 12 கிராம். கடையில் பச்சை, வறுத்தது, கருக வறுத்தது என்று வெவ்வேறு பக்குவத்தில் கிடைக்கும். நம் சித்த மருத்துவத்தில் சரக்குச் சுத்தி இருப்பதுபோல, சீன மருத்துவத்தில் "பாவ்ஜி" என்ற பக்குவ முறை உண்டு. கருக வறுத்தது செரிமானத்துக்கு என்பார்கள். தொடங்குபவர்கள் பச்சையாகக் காயவைத்த வில்லையையே கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். நெஞ்செரிச்சலும் புண்ணும் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

லோங்கன். லிச்சியைப் போன்ற ஒரு பழத்தின், ஓடும் கொட்டையும் நீக்கிக் காயவைத்த சதை. தேன்நிறம், பிசுக்கு, புகைவாசம். இனிப்புக் கஞ்சியில் ஐந்தாறு போட்டால் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதல்ல.

சாமந்தி. நம் பூக்கடையில் விற்கும் சாமந்தியின் அதே இனம். குடிப்பதற்கென்று வளர்ப்பதில் பேர்பெற்றது, ஹாங்சோ வெண்சாமந்தி. பெயர் ஹாங்சோவாக இருந்தாலும், விளைவது பக்கத்திலிருக்கும் தோங்ஷியாங்கில். 5 முதல் 10 கிராம். ஒரு குவளைத் தேநீருக்கு ஐந்தாறு பூ. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாலைக்கு வாங்கிய சாமந்தியைக் காயவைத்துக் குடிக்காதீர்கள். மாலைப் பூவுக்கு அடிக்கும் பூச்சிமருந்துக்கு, யாரும் அதைக் குடிப்பார்கள் என்ற கணக்கே கிடையாது. காட்டுச் சாமந்தி என்று சிறு மஞ்சள் மொட்டும் விற்கும். அது வேறு செடி, கடும் கசப்பு, அதை விடுங்கள்.

அதிமதுரம். சீனப் பெயர் "கான்சாவ்". அங்கே விளைவது நம் கடைகளில் கிடைப்பதன் நெருங்கிய இனம். சீனக் கஷாயங்களில் இதைப்போல அடிக்கடி வரும் சரக்கு வேறில்லை. மற்றச் சரக்குகளைச் சண்டை போடாமல் சேர்த்துவைக்கும் பெரியவர் என்று இதைச் சொல்வார்கள். 2 முதல் 10 கிராம் என்று நூலில் இருந்தாலும், வீட்டில் இரண்டு மூன்று வில்லை போதும். வாரக்கணக்கில் தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பட்டியலிலிருந்து இதை இப்போதே அடித்துவிடுங்கள்.

"வூவெய்ஸி" ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். ஐந்து சுவையும் ஒன்றாக உள்ளது என்று பெயர் பெற்ற, வடகிழக்குச் சீனத்துச் சிறு கனி. பார்க்க அப்பாவிக் கனிதான். ஆனால் உணவு-மருந்துப் பட்டியலில் அது இல்லை. கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தையே அது மாற்றுகிறது. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு, இந்தக் கனியால் ரத்தத்தில் ஏறிவிடும். கனி என்பதாலேயே எல்லாம் தீங்கற்றது ஆகிவிடாது.

வாங்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே பொருள், நூறு கிராம். இதுவே முதல் விதி. பத்துச் சரக்கு கலந்த ஆயத்தப் பொட்டலம் வாங்கினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. பொடியாக்கியது வேண்டாம், பொடியில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். முழுதாக, கண்ணுக்குத் தெரியும்படி வாங்குங்கள்.

கந்தகப் புகை போடுவது பழைய வழக்கம். நிறம் கறுக்காது, பூச்சி வராது, ஈரம் இருக்கும்போதே மூட்டை கட்டலாம். சீன மருந்தியல் நூல், பெரும்பாலான சரக்குகளில் கந்தக டை ஆக்சைடு எச்சம் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் நமக்கு இருப்பது மூக்கும் நாக்கும். மூடிய டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து முகருங்கள். மூக்கைக் குத்தும் புளித்த நெடி அடித்தால் திருப்பிக் கொடுங்கள். சாமந்தி பால்போல் வெளுத்திருந்தாலும், கோஜி லிப்ஸ்டிக் நிறத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த எச்சம் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம்.

எடைக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பழைய குறிப்புகள் "சியென்" என்ற அளவில் பேசும். சீனப் பெருநிலத்தில் அதை 3 கிராமாகக் கொள்வார்கள். ஹாங்காங் கடைகளில் அது ஏறத்தாழ 3.8 கிராம். ஆகவே எந்தக் கடையிலும் கிராமில் கேளுங்கள். வீட்டில் ஒரு சிறு மின்தராசு வைத்துக்கொள்ளுங்கள். அளவு கிடைக்காத இடத்தில் கைப்பிடியைக் கொண்டு ஊகிக்க வேண்டாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்குத் தெருமுனையிலேயே சீன மருந்துக் கடை இருக்கும். அங்கே கடைக்காரரிடம் நின்று கேட்டு, பொருளின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிப் பொட்டலத்தின்மேல் ஒட்டிவையுங்கள். ஒரே ஒலியில் பல சரக்கு இருக்கும், எழுத்து மாறாது. சென்னையிலிருந்து இணையத்தில் வாங்குபவர்கள், விளைந்த இடமும் பொதி செய்த தேதியும் அச்சிட்ட, ஒரே பொருள் மட்டும் உள்ள பொட்டலத்தைத் தேடுங்கள்.

காத்துவைப்பது

குவாங்சோவில் வசந்தம் தொடங்கும்போது தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும். "ஹுய்நான்தியன்" என்பார்கள். சுவரே வேர்க்கும், தரையில் நீர் நிற்கும். அந்தப் பருவத்தில் பாட்டி தன் சரக்கு முழுவதையும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுவார். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கமும் அதற்குச் சளைத்ததல்ல. கோஜி, இலந்தை, லோங்கன் மூன்றும் சர்க்கரை மிகுந்தவை. வெளியே வைத்தால் ஒரு மாதத்தில் கறுத்து ஒட்டும். கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. அதிமதுரம் அலமாரியில் இருக்கலாம். பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து. மேலே உள்ளது போகும், பூஞ்சை விட்ட நஞ்சு போகாது. அப்படியே கொட்டிவிடுங்கள்.

பாத்திரம், நீர், நெருப்பு

மண்சட்டியோ பீங்கான் பாத்திரமோ மிகச் சிறந்தது; கண்ணாடியும் எவர்சில்வரும் பரவாயில்லை. இரும்பு, செம்பு, அலுமினியம் கூடாது. ஷான்ஜா போன்ற புளிப்புச் சரக்கு அவற்றை அரிக்கும்; இரும்போடு சேர்ந்தால் கஷாயம் கறுத்துப்போகும்.

சரக்கைக் குழாய்நீரில் ஒருமுறை அலசினால் போதும். ஊறவிட்டுக் கழுவினால் சாரம் போய்விடும். பிறகு சட்டியில் போட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி குளிர்ந்த நீர் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. காய்ந்த சரக்கைச் சுடுநீரில் நேராகப் போட்டால் மேற்புறம் இறுகிக்கொள்ளும், உள்ளே நீர் போகாது. ஊறவைத்த நீரைக் கொட்டாமல் அதிலேயே காய்ச்ச வேண்டும்.

நம் சித்த மருத்துவத்தில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று நெருப்பை வகைப்படுத்துவதுபோல, சீனர்கள் "வூஹுவோ", "வென்ஹுவோ" என்பார்கள். முதலாவது போர்வீரனின் தீ, இரண்டாவது படித்தவனின் தீ. கொதி வரும்வரை பெருந்தீ; வந்த பிறகு மூடிவைத்துச் சிறுதீ. கொதி வந்த நேரத்திலிருந்து மணியைக் கணக்கிடுங்கள். வேரும் கட்டையும் உள்ள கஷாயத்துக்கு அரை மணி, கனிகளுக்கு 15 முதல் 20 நிமிடம். வடித்துவிட்டு, அதே சரக்கில் முதலில் ஊற்றியதைவிடக் குறைவாக நீர் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்சுங்கள். இரண்டு வடிநீரையும் கலந்து, காலைக்கும் மாலைக்கும் பங்கிடுவது முறை. நாம் எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். கருகிப்போனால் மேலே நீர் விட்டுச் சமாளிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பூக்களைக் காய்ச்சவே கூடாது. கொதித்து அடங்கிய நீரை மேலே ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். நெருப்பு எதையும் நல்லதாக்கிவிடும் என்று எண்ணுபவர்களுக்குச் சிங்ஹாவ் என்ற செடியின் கதையைச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யோயோவின் குழு அந்தச் செடியை ஆராய்ந்தபோது, சாறு சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய குறிப்பில், ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தார்கள். 1971 அக்டோபரில் பலன் கிடைத்தது. அந்த மருந்துதான் ஆர்ட்டெமிசினின். 2015-இல் அதற்காகத் தூ யோயோ நோபல் பரிசு பெற்றார்.

கைப்பழக்கத்துக்கு மூன்று

முதல் வாரம் கோஜி-சாமந்தித் தேநீர் மட்டும் போடுங்கள். ஐந்து சாமந்தி, ஒரு தேக்கரண்டி கோஜி, 300 மில்லி நீர். பூவை முதல் சுடுநீரில் அலசி அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் நீரில் ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். பூ விரிந்து நீர் இளமஞ்சளாகும்போது குடிக்கலாம். இன்னும் இரண்டு முறை சுடுநீர் ஊற்றலாம். கடைசியில் கனியைத் தின்னுங்கள். சமமான கனியும் குளிர்ச்சியான பூவும் சேர்ந்த இந்தச் சேர்மானம், கணினி முன் நாளெல்லாம் உட்காருபவர்களின் மேசைக் குவளைகளில் சீனா முழுக்கக் காணலாம்.

இரண்டாம் வாரம் இஞ்சி-இலந்தை. ஐந்து இலந்தையைப் பிளந்து கொட்டை எடுத்து, மூன்று வில்லை முற்றிய இஞ்சியோடு அரை லிட்டர் நீரில் இருபது நிமிடம் சிறுதீயில் வையுங்கள். மழைக்கால முடிவில் கை கால் சில்லிட்டுப் போகும் காலைகளுக்கு உரியது. தொண்டைப் புண்ணோ காய்ச்சலோ இருந்தால் வேண்டாம். இரண்டு பொருளும் சூடு.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: பெய்ஜிங்கின் கோடைப் பானமான சுவான்மெய்தாங். இதற்காக இரண்டு பொருள் கூடுதலாக வாங்க வேண்டும், இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். "வூமெய்" என்பது காயாகப் பறித்துப் புகையில் கறுக்கவைத்த ஒருவகைப் பிளம். உப்போ சர்க்கரையோ போட்ட தின்பண்டப் பிளத்தை வாங்கிவிடாதீர்கள். "சென்பீ" என்பது ஆண்டுக்கணக்கில் பழக வைத்த கமலாத்தோல். குவாங்டோங் மாநிலத்து ஷின்ஹுய் சரக்கு புகழ்பெற்றது. வூமெய் 40 கிராம், ஷான்ஜா 40 கிராம், சென்பீ 10 கிராம், அதிமதுரம் ஐந்து கிராம். இரண்டு லிட்டர் நீரில் அரை மணி ஊறவைத்து, கொதி வந்த பிறகு நாற்பது நிமிடம் சிறுதீயில் வையுங்கள். வடித்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் மறுபடி அரை மணி. இரண்டையும் கலந்து, சூடு இருக்கும்போதே நூறு கிராம் கற்கண்டைக் கரையுங்கள். ஆறிய பிறகு குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் குடித்து முடியுங்கள். முதல் வாயில் புகைவாசம் விநோதமாகத் தெரியும். இரண்டாம் குவளையில் அதையே நாக்கு தேடும். கறி விருந்துக்குப் பிறகு இதைப்போல வேறில்லை.

யார் நிறுத்த வேண்டும்

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கோஜியைத் தொடாதீர்கள். கோஜித் தேநீர் குடித்த இவர்களில் சிலருக்கு ரத்தம் உறைய எடுக்கும் நேரம் எகிறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. "தாங்குய்" என்ற வேரும் அவர்களுக்கு ஆகாது. இதயத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ஷான்ஜாவை மருத்துவரிடம் கேட்காமல் பழக்கமாக்கக் கூடாது. பூந்தாதுவால் தும்மலும் அரிப்பும் வருபவர்களுக்குச் சாமந்தி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அரைக் குவளையில் தொடங்குங்கள். கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும், சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் இந்தக் கட்டுரையைக் கொண்டு எதையும் செய்ய வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, என்னென்ன குடித்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "அது வெறும் தேநீர்தானே" என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

தோல் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும், கால் வீங்கினாலும், படபடப்பு வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மீதமுள்ள சரக்கையும் பொட்டலத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.

இதற்கு மேல் போக விரும்பினால் படித்த சீன மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மலேசியாவில் 2016-இல் சட்டம் வந்தது. பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அன்று காலை நாக்கை வழிக்காமலும், நிறம் ஏற்றும் காபி குடிக்காமலும் போவது நல்லது. நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். அவர் எழுதும் சீட்டுக்கு ஏற்ப, ஒரு நாளைக்கு ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதற்குள் தனியாக மடித்த சிறு பொட்டலம் இருந்தால், எல்லாவற்றோடும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். அது மற்றவற்றுக்கு முன்பே காய்ச்ச வேண்டியதாக இருக்கலாம், கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டியதாக இருக்கலாம், துணியில் கட்டிப் போட வேண்டியதாகவும் இருக்கலாம். எது என்று கடையில் நின்றபடியே கேட்டு, அந்தச் சிறு பொட்டலத்தின்மேல் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.